எறியுளியும் அரமும்



வல்வெட்டித்துறை என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்தில் எழுவது பாய்க்கப்பலின் தோற்றமே. அஃது இயல்பு. அவ்வூர்க் கரையிலே கட்டப்பெற்ற கப்பல்கள் நாகபட்டினம் சென்றன, காக்கிநாடா சென்றன, வங்கக் கடலை ஊடறுத்து அக்கியாபும் இரங்கூனும் சென்றன. அவற்றுள் ஒன்று அத்திலாந்திக் சமுத்திரத்தையே கடந்தது. அக்கப்பல்களைப் பற்றிப் பேசியோர் பலர். அவற்றின் பலகைகளை அரிந்தும் செதுக்கியும் கொடுத்த கருவிகளைப் பற்றிப் பேசியோர் சிலர். அக்கருவிகளுக்குக் கூர் கொடுத்த கருவி ஒன்று உண்டு. அதனைப் பற்றி எவரும் விரித்துப் பேச யான் கேட்டதில்லை. கையளவான ஓர் உருக்குத் துண்டு அது. அதன் பெயர் அரம்.

அரம் தமிழர்க்குப் புதியதன்று. சங்கைக் கீறி வளையல் செய்யும் கருவியைச் சங்கப் புலவர்கள் அரம் என்றே வழங்கினர். வள்ளுவர் அதனை மூன்றிடத்தில் எடுத்தாளுகின்றார். பண்புடைமை அதிகாரத்தில் அறிவின் கூர்மைக்கு உவமை வேண்டியபோது வாளைச் சொல்லவில்லை, வேலைச் சொல்லவில்லை, அரத்தைச் சொன்னார். உட்பகை அதிகாரத்திலோ, அரத்தினால் அராவப்பட்டுத் தேயும் உலோகத்தை, உள்ளிருந்தே பகை தின்னும் குடிக்கு உவமையாக்கினார். ஓரிடத்தில் கூர்மை, மற்றோரிடத்தில் தேய்வு. கொல்லனுடைய பட்டறையில் சிறிது நேரமாவது நின்று பார்த்தவரே இவ்விரண்டையும் ஒருங்கு கண்டிருத்தல் கூடும். அராவுந்தோறும் கூர் ஏறுகின்றது. ஏறுந்தோறும் இரும்பு குறைகின்றது. கூர்மைக்கு விலை இரும்புதான்.

இனி, கடலுக்கு வருவோம். குறுந்தொகையின் 304ஆம் பாட்டு கணக்காயன் தத்தன் என்னும் புலவருடையது. நெய்தல் நிலத்துக் காதற் பாட்டாயினும் அதன் தொடக்கத்தில் ஒரு வேட்டைக் காட்சி வருகின்றது. வளைந்த திமிலிலே பரதவர் ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். அவர்கள் கையில் கொல்லன் நன்கு வடித்துக் கொடுத்த எறியுளி இருக்கின்றது. அதன் முனை கூரியது. உலர்ந்து வலுத்த மூங்கிற் காம்பு அதிற் செறிக்கப்பட்டிருக்கின்றது. கொம்புடைய பெருமீனை நோக்கி அதனை விசையோடு எறிகின்றனர். காதலைச் சொல்ல வந்த புலவர், கொல்லனுடைய தொழிலையும், காம்பின் மரத்தையும், அது செறிக்கப்பட்ட விதத்தையும் விடாது சொல்லிச் செல்வதைக் காணும்போது, கரையோர வாழ்வை அவர் அருகிருந்து கண்டவர் என்றே எண்ணத் தோன்றுகின்றது.

கொம்புடைய மீன் எனப்பட்டது சுறாவினத்தைச் சேர்ந்தது. வேளா என்று வழங்கும் மீனை எண்ணிப் பாருங்கள். அதன் மூக்கு நீண்டு தட்டையாகி, இருபுறமும் பற்கள் நிரைத்த ஓர் அரிவாளாக அமைந்திருக்கும். சினைச்சுறாவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதாகப் பட்டினப்பாலை கூறுகின்றது. பல்வைத்த கொம்புடைய மீனைப் பல்வைத்த அரத்தால் கூராக்கிய இரும்பைக் கொண்டு வென்றார்கள் என்று சொன்னால் அது வெறும் சொல்லலங்காரம் போலத் தோன்றலாம், உண்மையும் அதுவேதான்.

நம் கரையோரங்களில் இக்கருவிக்கு மண்டா என்று பெயர். வில்லம்பின் தலைக்கும் மண்டாவின் தலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அகன்ற தலையுடைய வேட்டையம்பு, தாக்கும் விசையினால் மட்டும் விலங்கை வீழ்த்துவதில்லை. உள்ளே புகுந்து குருதிக் குழாய்களை அறுத்தே வீழ்த்துகின்றது. ஆகவே அதற்கு முனையினும் ஓரமே இன்றியமையாதது. மெல்லியதாக, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 பாகைச் சரிவில் அராவப்பட்ட ஓரம் வேண்டும். மண்டாவோ கொல்வதற்கு முன் பிடிக்க வேண்டிய கருவி. புகவும் வேண்டும், புகுந்தபின் வெளிவராதிருக்கவும் வேண்டும். அதன்பொருட்டே அதற்குப் பின்னோக்கிய முள் வைக்கப்படுகின்றது. முனை மழுங்கினால் மீனின் தடித்த தோலில் வழுக்கும். முள் மழுங்கினால், குத்திய மீன் கழன்று போகும்.

இந்த முள்ளிலேதான் அரத்தின் பெருமை இருக்கின்றது. சாணைக்கல் கத்திக்கு நல்லது, அரிவாளுக்கு நல்லது. தட்டையான ஓரத்தை அதில் வைத்துத் தீட்டலாம். ஆனால் முள்ளுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மூலையிற் கல் நுழைவதில்லை. மூன்று பட்டையுள்ள அரத்தின் விளிம்பு நுழையும். மரம் அரியும் வாளின் பல்லிடுக்கும் அத்தகையதே. கடல் வேட்டைக்காரனும் கப்பற்றச்சனும் வேறு வேறு தொழிலினர். ஒருவன் கருவியை மற்றவன் கையாளமாட்டான். எனினும் இருவர் கருவிப் பெட்டியிலும் ஒரே அரம் கிடந்ததற்குக் காரணம் அந்தச் சிறிய மூலைதான்.

கல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கற்பாறை. கிணறு வெட்டினாலும் அதுவே. வேலி கட்டினாலும் அதுவே. சுண்ணாம்புக்கல் இரும்பைத் தீட்ட உதவாது. இரும்பே அதனைத் தேய்த்துவிடும். இரும்புத் தாதுவும் அங்கு இல்லை. பெருங்கப்பலுக்கு வேண்டிய மரம் முழுவதும் அங்கு விளைவதில்லை. இரும்பில்லை, தீட்டுங் கல்லில்லை, மரம் போதவில்லை. ஆயினும் அவ்வூரிற் கப்பல் எழுந்தது. எல்லாம் கடல்வழியே வந்தன. முந்திய கப்பல் கொண்டுவந்த பொருளிலேதான் பிந்திய கப்பல் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அராவும் முறையைச் சற்று விளக்குகின்றேன். இதனைப் புத்தகத்தில் படிப்பது அரிது. அரத்தின் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்தவை. ஆகவே அது தள்ளும்போதுதான் அறுக்கும்; இழுக்கும்போது அறுக்காது. கைபழகாதவன் முன்னும் பின்னும் தேய்ப்பான். பின்னிழுக்கையில் அழுத்தினால் பற்கள் முறிந்து, சில நாளில் அரம் வெறும் இரும்புப் பட்டையாகிவிடும். கைபழகியவன் தள்ளுவான், தூக்குவான், மீண்டும் தொடக்கத்தில் வைத்துத் தள்ளுவான். தொடங்கிய சாய்வு முடியும்வரை மாறக்கூடாது. ஒரு பக்கத்தில் எத்தனை முறை தள்ளினானோ அத்தனை முறையே மறுபக்கத்திலும் தள்ளவேண்டும். இல்லையேல் ஓரம் நடுவை விட்டு ஒதுங்கும். அராவிய பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். விரலின் தசையை ஓரத்திற்குக் குறுக்காக மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். அப்பிசிறு தோன்றுவதே, இரும்பு ஓரம் வரையில் அராவப்பட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். பின்பு மிக இலேசாக இருபுறமும் மாற்றி மாற்றி அராவி அதனை நீக்கிவிடுவர். பல்லிடுக்கில் இரும்புத்துகள் அடைத்துக்கொள்ளாதிருக்கச் சுண்ணக்கட்டியை அரத்தின்மேல் உரைத்துக்கொள்வதும் உண்டு. எண்ணெய் பட்டால் அரம் வழுக்கும். எண்ணெய் பூசாவிட்டால் கடற்காற்றில் துரு ஏறும். உப்புக்காற்று வீசும் ஊரில் அரத்தைப் பேணுவதே ஒரு தனித் தொழில்.

இத்தனை நுட்பமும் கொல்லன் தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தாற்றான் பயன்படும். காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்தால் அது கடினமாகும். அளவுக்கு மிஞ்சிக் கடினமானால் அதன்மேல் அரம் பிடிக்காது. கண்ணாடியின்மேல் ஓடுவதுபோலக் கீச்சென்று வழுக்கி ஓடும். அத்தகைய மண்டா மீனின் எலும்பிற் பட்டால் நொறுங்கும். மிக மெதுவானால் அரம் வெண்ணெயை வழிப்பதுபோல வழிக்கும். ஆனால் ஓரம் முதற் குத்திலேயே மடங்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு நிலை உண்டு. அந்நிலையில் அரம் கரகரவென்று பிடித்து அறுக்கும். தோய்த்து, மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்திய இரும்பின் ஓரத்தில் அரத்தை ஒருமுறை ஓட்டி, அந்த ஒலியைக் கேட்டே கொல்லன் அதன் பதத்தை அறிவான். கடினத்தை அளக்கும் பொறிகள் வந்துவிட்ட இக்காலத்தும் உலகெங்கும் பட்டறைகளில் இச்சோதனை கைவிடப்படவில்லை.

கொல்லனைத் தமிழ்ப் புலவர்கள் மறந்தார்களல்லர். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன் என்று பொன்முடியார் புறநானூற்றில் வரையறை செய்கின்றார். ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற கதை நேயர்கள் அறிந்ததே. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசப்பட்டு, காவலுள்ள பெருமனையில் அழகாக இருந்தன. அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலிலே கிடந்தன. தொண்டைமானைப் புகழ்வதுபோல இகழ்ந்த நயத்தை ஆசிரியர்கள் நமக்கு எடுத்துக்காட்டுவர். எனக்கு அதிற் பிடித்தது வேறொன்று. முறிந்த வேல் குப்பையிற் கிடக்கவில்லை, கொல்லனிடம் கிடந்தது. மீண்டும் கூராகும் என்பது அதன் பொருள். வல்வெட்டித்துறைக்கு அடுத்துள்ள தொண்டைமானாற்றின் பெயரைக் கேட்டு, அந்தத் தொண்டைமான்தானோ இவன் என்று சிலர் மயங்குவதுண்டு. ஆற்றுக்குப் பெயர் தந்தவனாக மரபு கூறுவது சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானை. அவன் பல நூற்றாண்டு பிந்தியவன்.

வேட்டைக்காரனுக்கும் கொல்லனுக்கும் இருந்த உறவுக்கு நம் தீவிலேயே வியக்கத்தக்க ஒரு சான்று உண்டு. 1660 தொடக்கம் 1679 வரை கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் இறொபேட்டு நொக்சு, 1681இல் வெளியிட்ட தம் நூலில் அதனை எழுதியிருக்கின்றார். வேடர்க்கு அம்புத்தலை வேண்டியபோது, இரவிலே இறைச்சியைச் சுமந்துவந்து கொல்லன் பட்டறையிலே தொங்கவிடுவார்களாம். அம்பு எந்த வடிவில் வேண்டுமோ அந்த வடிவில் ஓர் இலையை வெட்டி அதனருகே தொங்கவிட்டுச் செல்வார்களாம். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஓர் இரவு அவன்மீது அம்பு பாயும்! ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், ஒரு சொல்லும் பேசாமல், ஓர் இலையையே வரைபடமாகக் கொண்டு நடந்த வாணிகம் இது. வேடருடைய அம்புத்தலை அகன்று நீண்டது. இலை வடிவம் அதற்கு மிகப் பொருத்தம். காட்டு வேட்டைக்கும் கடல் வேட்டைக்கும் பொதுவான உண்மை ஒன்று இதிற் புலனாகின்றது. வேட்டைக்காரன் தன் இரும்பைத் தானே உருக்குவதில்லை. அவன் வீரம் மற்றொருவன் உலைக்களத்தைச் சார்ந்து நின்றது.

அப்படியாயின் அரம் எங்கிருந்து வந்தது? பண்டு நம் கொல்லர்கள் தாமே கொத்திக்கொண்ட அரங்கள் இருந்திருக்கவேண்டும். சங்கரியும் அரம் வேற்றுநாட்டிலிருந்து வந்ததன்று. அரம் கொத்துவது கடுமையான வேலை. உருக்கை மெதுவாக்கி, உளியால் ஒவ்வொரு பல்லாகக் கொத்தி எழுப்பி, பின்பு காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கவேண்டும். தோய்க்கும் முன் பற்கள் எரிந்து மழுங்காதிருக்கக் கொம்புத் தூளும் உப்பும் பூசும் முறையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஐரோப்பியத் துறவி தியோபிலசு எழுதிவைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில், இங்கிலாந்திலே செவ்வீல்டு நகரத்து அரங்கள் அவர்கள் ஆண்ட நாடுகளெங்கும் சென்றன. அந்நகரத்துத் தொழிலாளர் அரத்தை ஈயக்கட்டியின்மேல் வைத்துக் கொத்தியமையால் ஈயநஞ்சு ஏறி உடல் நலிந்தனர் என்பதையும் இங்குச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் தச்சன் கையில் விளங்கிய கூர்மைக்கு, கண்காணாத் தேசத்தில் யாரோ ஒருவன் தன் உடம்பைத் தேய்த்தான்.

தேய்ந்த அரத்தையும் நம்மவர் எறிவதில்லை. அது உயர்ந்த உருக்கு. கொல்லன் அதனைக் காய்ச்சி அடித்து உளியாக்குவான், கத்தியாக்குவான், ஈட்டிமுனையாக்குவான். ஆதிச்சநல்லூர் போன்ற பழைய ஈமக்காடுகளை அகழ்ந்தோர் வாளும் வேலும் அம்புத்தலையும் கண்டெடுத்தனர். கூராக்கிய கருவி இவ்வாறு தான் கூராக்கிய கருவியாகவே மாறிவிட்டால், பிற்காலத்து ஆராய்ச்சியாளன் அதனை எங்கே தேடுவான்?

வல்வெட்டித்துறைக் கரையிலே கப்பல் கட்டும் காலத்தில் பெருமரங்களை இருவர் நின்று அரிவார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. நீளவாட்டில் அரியும் வாளின் பற்களை நேர்குறுக்காக அராவவேண்டும். குறுக்கே துண்டிக்கும் வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சாய்த்து அராவவேண்டும். பின்பு பற்களை ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சற்றே வளைத்துவிடவேண்டும். இல்லையேல் வாள் மரத்துக்குள் இறுகி நிற்கும். இழைமாறிய வேம்பு வாளை அலைக்கழிக்கும். தேக்கின் உள்ளே மணற்சத்து உண்டு. பார்வைக்கு வழவழப்பான அந்த மரம் பல்லை விரைவில் மழுக்கும். அராவி அராவி வாளின் அகலம் ஆண்டுதோறும் குறைந்துவரும். வாய்ச்சியின் வாயும் குறுகும். ஒரு தச்சன் எத்தனை கப்பலில் வேலை செய்தான் என்பதை அவன் வாளின் அகலத்தைக் கொண்டே மதிப்பிடலாம் போலும்!

அப்படி எழுந்த கப்பல்களில் ஒன்றுதான் அன்னபூரணி அம்மாள். உலகைச் சிறு படகிற் சுற்றிவந்து பெயர்பெற்ற அமெரிக்கர் வில்லியம் அல்பேட்டு இறொபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியார் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்றனர். சுயஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, அத்திலாந்திக் சமுத்திரமும் கடந்து 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மசாச்சுசெற்சு மாநிலத்துக் குளொசுற்றர் துறைமுகத்தை அது அடைந்தது. குளொசுற்றரும் மீன்பிடிக்கும் ஊர். கப்பல் கட்டுவதும் அக்கரைக்குப் பழகிய தொழில். கையால் அரிந்து கையால் செதுக்கிய பலகை இன்னதென்று அங்குள்ளார்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அதே மாநிலத்தில், தெற்கே, நியூ பெட்வோட்டு என்னும் திமிங்கில வேட்டைத் துறைமுகம் உண்டு. அங்கே லூயிசு தெம்பிள் என்ற கொல்லர் இருந்தார். அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். 1848இல் அவர் எறியுளிக்கு ஒரு புதிய தலை வடித்தார். மீனின் உடலுள் புகுந்ததும் தலை குறுக்கே திரும்பிக்கொள்ளும். எத்துணை இழுத்தாலும் கழலாது. முள்ளின் வேலையைத் திருப்பம் செய்தது. திமிங்கில வேட்டைக்காரர் எல்லோரும் அதனையே கைக்கொண்டனர். தெம்பிள் அதற்கு உரிமைப் பத்திரம் பெறவில்லை. மற்றவர் செய்து விற்றனர். அவர் 1854இல் இறந்தார். தத்தனாருடைய பாட்டில் எறியுளி வடித்த கொல்லனுக்குப் பெயர் இல்லை. தெம்பிளுக்குப் பெயராவது எஞ்சியது.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகவே சொல்கின்றேன். 1939இல் மூண்ட உலகப்போரும், 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் பாய்க்கப்பல் வாணிகத்தை முடக்கின. பின்பு சுங்கமும் கடவுச்சீட்டும் கடலைக் கூறுபோட்டன. 1964 திசம்பர்ச் சூறாவளி பாக்கு நீரிணையின் இருகரையையும் அலைத்தது. காரைநகரிற் சீனோர் நிறுவனத்தார் கண்ணாடியிழைப் படகு கட்டலாயினர். அதற்கு வாய்ச்சி வேண்டாம், வாள் வேண்டாம். ஆகவே வாளை அராவுகிறவனும் வேண்டாம். 1980களில் மூண்ட போரோ ஊரையே கலைத்தது. வீடு விட்டு ஓடுகிறவர் கருவிப்பெட்டியைத் தூக்கிச் செல்வதில்லை. கப்பலின் பெயர் ஏட்டிற் பதிந்துவிட்டது; எந்த மரத்திற்கு எந்தச் சாய்வில் பல்லை அராவுவது என்பது ஏட்டிற் பதியவில்லை. அது கையிலிருந்து கைக்குப் போகவேண்டிய அறிவு. பெற்றுக்கொள்ள ஒரு கை இல்லாதபோது அது நின்றுவிட்டது.

வேட்டையின் கதையும் அத்தகையதே. வேளா மீன் இன்று உலகெங்கும் அருகி, அழியுந் தறுவாயில் உள்ளது. எறியுளியினும் வலையே அதற்குப் பெருங்கூற்றமாயிற்று. கடற்பசுவும் ஆமையும் இக்காலத்தில் சட்டத்தாற் காக்கப்படுகின்றன. அவற்றை நோக்கி மண்டாவை ஓங்குதல் இன்று குற்றம். அவ்வாறு ஆனது நல்லதே.

ஆயினும் அரம் கரையைவிட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. பெருந்தூண்டில் இடுவோர் மழுங்கிய தூண்டில் முனையை இன்றும் சிறிய அரத்தால் அராவிக்கொள்வர். இயந்திரப் படகின் இரைச்சல் அடங்கிய வேளையில், முழங்காலில் ஊன்றிய தூண்டிலின்மேல் அது முன்னே செல்லும், தூக்கப்படும், மீண்டும் முன்னே செல்லும்.